நாலுசக்கர வேகன்களின் அந்திமக்காலம்

ரயில்வே நிர்வாகம் வருஷந்தோறும் வெளியிடும் புள்ளிவிவரங்களில், சாதாரணமாக யாரும் நின்று வாசிக்காத ஒரு வரிசை உண்டு. அது நாட்டிலுள்ள சரக்கு வேகன்கள் மொத்தம் எத்தனை என்று சொல்வது. 1950-51-இல் 2,05,596 ஆக இருந்த அந்த எண்ணிக்கை, ஐந்தாண்டுத் திட்டங்களின் உருக்காலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் பெருகப் பெருகத் தானும் பெருகி, 1980-81-இல் 4,00,946 வரையில் ஏறிற்று. அதன் பிறகு இருபதே வருஷங்களில், யுத்தமோ பூகம்பமோ எதுவும் குறுக்கிடாமலே, 2,22,193 ஆக இறங்கிவிட்டது. இடையில் புதிதாகக் கட்டிச் சேர்த்தவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், அந்த இருபது வருஷங்களில் தண்டவாளத்தை விட்டு இறங்கிப் பழைய இரும்பாகப் போன வேகன்கள் இரண்டு லட்சத்துக்குக் குறையாது என்று துணிந்து சொல்லலாம். ஆனால் விசித்திரம் இதோடு முடியவில்லை. வேகன்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்த அதே காலத்தில், ரயில்வே கட்டணம் வாங்கி ஏற்றிய சரக்கு 19.59 கோடி டன்னிலிருந்து 47.35 கோடி டன்னாக உயர்ந்திருக்கிறது.

நீராவி எஞ்சின் ஓய்வு பெற்றபோது அதற்கு மாலை போட்டார்கள், தேங்காய் உடைத்தார்கள், சிலவற்றைக் காட்சிச்சாலையில் வைத்து வர்ணமும் பூசினார்கள். மீட்டர் கேஜ் பிரயாணி வண்டிகள் கடைசியாக ஓடிய நாட்களில், ஊர் ஊராக ஜனங்கள் பிளாட்பாரத்தில் கூடி நின்று வழியனுப்பிய செய்திகளைப் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். இரண்டு லட்சம் வேகன்கள் போனதற்கு ஒரு மாலை விழுந்ததாகத் தெரியவில்லை. சாமான்களுக்கு ஞாபகசக்தி கிடையாதாகையால், அவற்றைச் சுமந்த வண்டியைப் பற்றி யாரும் உருகி எழுதுவதும் இல்லை. ஆயினும் நம் தேசத்தில் இருப்புப்பாதை என்ற வஸ்து மனிதர்களுக்காக வந்ததல்ல; சரக்குக்காகவே வந்தது. பம்பாயில் பிரயாணிகளை ஏற்றிய முதல் வண்டி புறப்படுவதற்குப் பதினாறு வருஷங்களுக்கு முன்பே, 1837-இல், சென்னையை அடுத்த செங்குன்றத்துப் பக்கத்தில், ரஸ்தா போடுவதற்கு வேண்டிய கல்லைச் சுமந்துகொண்டு வண்டிகள் தண்டவாளத்தின்மேல் உருண்டிருக்கின்றன. அவற்றின் வம்சத்தில் வந்த நாலுசக்கர வேகன் நம் கண்ணெதிரிலேயே மூத்து, நலிந்து, மறைந்த கதையைச் சற்று விஸ்தாரமாகச் சொல்வதில் தவறில்லை.

இன்று ஐம்பது வயதைக் கடந்த எவரும் அதைப் பார்த்திருப்பார்கள். ஆணி அடித்த எஃகுத் தகடுகளால் ஆன ஒரு பெட்டி. அடியில் இரண்டே அச்சுகள், நாலு சக்கரங்கள். இரு பக்கமும் இரட்டைக் கதவு. நான்கு மூலைகளிலும் நீட்டிக்கொண்டிருக்கும் வட்டத் தட்டுப் பஃபர்கள். நடுவில் மரையைச் சுற்றி இறுக்கும் கொக்கிச் சங்கிலி. இருபது டன்னுக்குச் சற்று மேற்பட்ட பாரம் அதில் ஏறும். சிறு ஊர் ஸ்டேஷனில் கடலை மண்டிக்காரரோ, வற்றல் வியாபாரியோ, வெல்லம் அனுப்புகிறவரோ முன்பணம் கட்டி, எனக்கு ஒரு வேகன் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார். என்றைக்கோ ஒரு நாள் பின்மாலையில் ஒரு கூட்ஸ் வண்டி வந்து நின்று, முன்னும் பின்னுமாக ஷண்டிங் செய்து, அவருக்குரிய ஒற்றை வேகனைக் கூட்ஸ் ஷெட்டின் ஓரத்தில் கழற்றிவிட்டுப் போகும். கூலிக்காரர்கள் மூட்டையை அடுக்கி முடித்ததும், கதவைச் சாத்தி, கொண்டிக்குக் கம்பி கோத்து, ஈய முத்திரை பதித்து, எங்கிருந்து எங்கே என்று எழுதிய அட்டையைச் செருகி வைப்பார்கள். அதன் பிறகு அந்த வேகன் அரக்கோணத்திலோ ஜோலார்பேட்டையிலோ ஈரோட்டிலோ யார்டு யார்டாகப் பிரிக்கப்பட்டும் சேர்க்கப்பட்டும், பத்து நாளிலோ இருபது நாளிலோ போய்ச் சேரும். தாமதத்தைத் திட்டாத வியாபாரி ஒருவரும் இல்லை. ஆனால் ஒற்றை வேகன் கேட்டால் ஒற்றை வேகன் கிடைத்தது என்பதை, அந்த வசதி போன பிறகுதான் பலரும் உணர்ந்தார்கள்.

வேகனுக்கு வந்த வியாதிகளில் பிரதானமானது அச்சில் உண்டாகும் உஷ்ணம். ரயில்வேக்காரர்கள் ‘ஹாட் ஆக்சில்’ என்று சொல்லும்போது குரலில் ஒரு நடுக்கம் இருக்கும். காரணம் இதுதான்: பழைய வேகனின் அச்சுமுனை இன்றைய உருளை பேரிங்கில் சுழலவில்லை. ஓர் இரும்புப் பெட்டிக்குள், வெள்ளை உலோகம் பூசிய பித்தளைத் தொப்பி ஒன்று அச்சுமுனையின் தலைமேல் உட்கார்ந்திருக்கும். வேகனின் பாரம் முழுவதையும் தாங்குவது அந்தத் தொப்பியே. கீழே, எண்ணெயில் ஊறவைத்த நூல் கழிவைச் சுருட்டித் திணித்திருப்பார்கள். அச்சு சுழலச் சுழல, அந்தத் திணிப்பிலிருந்து எண்ணெயைத் தானே வாரிப் பூசிக்கொள்ள வேண்டும். திணிப்புச் சற்று நழுவினாலும், எண்ணெய் வற்றினாலும், தூசி புகுந்தாலும் வெள்ளை உலோகம் உருகத் தொடங்கும். பிறகு புகை, பிறகு நெருப்பு, கடைசியில் அச்சுமுனையே பழுத்து முறுக்கிக்கொண்டு ஒடிந்து, வண்டி குடை சாய்ந்துவிடும். ஸ்டேஷனைக் கடந்து செல்லும் ஒவ்வொரு வண்டியையும், பச்சைக் கொடியை நீட்டிக்கொண்டு ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு பக்கமும் பாயிண்ட்ஸ்மேன் மறுபக்கமும் நின்று கடைசிப் பெட்டி வரையில் உற்றுப் பார்ப்பது வெறும் சம்பிரதாயமல்ல. எந்தச் சக்கரத்தருகில் புகைகிறது, எது தொங்குகிறது என்று பார்ப்பதற்காகவே அது ஏற்பட்டது. பித்தளைக்குச் சந்தையில் நல்ல விலை இருந்தபடியால், யார்டில் கிடந்த வேகன்களிலிருந்து அந்தத் தொப்பியையே கழற்றிக்கொண்டு போகிற திருடர்களும் இருந்தார்கள். ஒரு கைப்பிடிப் பித்தளைக்காக இருபது டன் வண்டி நாட்கணக்கில் முடங்கிக் கிடந்த கொடுமை அது.

இந்த வியாதிகளைக் கண்டுபிடிக்கும் வைத்தியர் டிரெயின் எக்ஸாமினர். ரயில்வே வழக்கில் டி.எக்ஸ்.ஆர். வண்டி யார்டில் வந்து நின்றதும், நீண்ட காம்புள்ள சுத்தியலோடு இவருடைய ஆட்கள் இரு பக்கமும் நடந்து போவார்கள். ஆக்சில் பாக்ஸின்மேல் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார்கள். மூடியைத் தூக்கித் திணிப்பைக் குத்திவிட்டு எண்ணெய் ஊற்றுவார்கள். சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிச் செவிசாய்ப்பார்கள். சக்கரத்தின்மேல் தனியாகச் சூடேற்றி மாட்டிய டயர் இறுக்கமாக இருந்தால் கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தோ வெடித்தோ இருந்தால் மொத்தென்று கேட்கும். சக்கரத்தின் விளிம்பு கத்திபோல் தேய்ந்திருக்கிறதா, வில் தகடு ஏதாவது உடைந்திருக்கிறதா, பஃபர் செத்துத் தொங்குகிறதா என்று பார்த்து, சந்தேகம் எழுந்தால் சாக்கட்டியால் ஒரு குறி போட்டு, ‘சிக்’ லேபிள் ஒட்டி, அந்த வேகனை மட்டும் பிரித்தெடுத்துச் சிக் லைனுக்குத் தள்ளிவிடுவார்கள். பல ரயில்வேக் கம்பெனிகள் தனித்தனியே இருந்த நாட்களில், ஒரு கம்பெனியின் வேகன் இன்னொன்றின் எல்லைக்குள் நுழையும் சந்திப்பில் இந்தப் பரிசோதனை ஒரு வியாஜ்யம் போலவே நடக்கும். சேதம் உன்னுடையதா என்னுடையதா என்ற தகராறுகளைத் தீர்க்க விதிகள் வகுப்பதும், 1903-இல் ஏற்பட்ட இந்தியன் ரயில்வே கான்பரன்ஸ் அசோசியேஷனின் முக்கியமான காரியங்களில் ஒன்றாக இருந்தது.

உடம்புக்கு வரும் நோய்கள் வேறு வகை. நிலக்கரியில் உள்ள கந்தகம் மழை ஈரத்தோடு சேர்ந்து திராவகமாகித் தரைத் தகட்டை அரிக்கிறது. உப்பும் உரமும் அதைவிட வேகமாக அரிக்கின்றன. கடற்கரை ஊர்களில் உப்பு ஏற்றிப் பழகிய வேகனின் கதவோரத்தில் கையை வைத்தால், பலகாரத்தின் மேலோடு போல் துரு ஏடேடாகப் பெயர்ந்து வரும். திருடர்கள் பக்கத் தகட்டை வெட்டித் துவாரம் செய்து மூட்டையைக் குத்தி எடுப்பார்கள். பட்டறையில் அதன்மேல் ஒரு சதுரத் தகட்டை வைத்து ஒட்டுவார்கள். ஒட்டின் ஓரத்தில் அடுத்த மழைக்குத் துரு தொடங்கும். கூரை ஒழுகத் தொடங்கிய மூடு வேகனுக்கு அரிசியும் சர்க்கரையும் சிமெண்டும் ஏற்றும் யோக்கியதை போய்விடும். அன்று முதல் அது நனைந்தாலும் நஷ்டமில்லாத சரக்குகளைத்தான் சுமக்கலாம். இப்படி அந்தஸ்தில் படிப்படியாக இறங்கி, கடைசிக் காலத்தில் இலாகாவின் சொந்த வேலைக்கு, ஜல்லியும் மண்ணும் பழைய ஸ்லீப்பர் கட்டைகளும் சுமப்பதற்கு, ஒதுக்கப்பட்டுவிடும்.

ஆனாலும் வியாதி வந்த வேகன் அனைத்தும் செத்துவிடுவதில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். சில வருஷங்களுக்கு ஒரு முறை ஒவ்வொரு வேகனும் பெரிய பட்டறைக்குள் போய், அக்கக்காகக் கழற்றப்பட்டு, செப்பனிடப்பட்டு, புது வர்ணத்தோடு வெளிவந்தாக வேண்டும். பி.ஓ.ஹெச். என்று அதற்குப் பெயர். செய்த தேதியையும் அடுத்த தேதியையும் வேகனின் பக்கத்திலேயே வெள்ளை எழுத்தில் எழுதிவிடுவார்கள். தென்னாட்டில் 1856-இல் ஏற்பட்ட பெரம்பூர்ப் பட்டறையும், நாகப்பட்டினத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து 1928-இல் பொன்மலையில் நிறுவிய பெரிய பட்டறையும் தலைமுறை தலைமுறையாக இத்தொழிலில் பேர் வாங்கியவை. நாற்பது வருஷம் ஓடிய வேகனில், ஆதியில் இருந்த அடிச்சட்டம் ஒன்றைத் தவிர மற்ற யாவும் மாறியிருக்கும். சக்கரம் மாறும், வில் மாறும், தரை மாறும், கதவு மாறும். அடிச்சட்டம் வளைந்தோ விரிசல் கண்டோ போனால்தான், இதைச் செப்பனிட ஆகும் செலவுக்கு இது இன்னும் உழைத்துக் கொடுக்கும் வருஷங்கள் ஈடாகுமா என்ற கேள்வி எழும். அமெரிக்காவில் இந்தத் தர்க்கத்துக்கே இடம் வைக்கவில்லை. 1974 ஜூலை முதல் தேதிக்கு முன் கட்டிய வேகனானால் நாற்பது வருஷம், பின் கட்டியதானால் ஐம்பது வருஷம். அதற்குமேல் விசேஷ அனுமதி இல்லாமல் ஒரு கம்பெனியின் பாதையிலிருந்து மற்றொன்றின் பாதைக்குப் போகக்கூடாது என்று அங்கே விதி. இங்கேயும் வேகனுக்குக் கணக்குப் புத்தகத்தில் ஓர் ஆயுள் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த ஆயுளை முழுதாக வாழ்ந்து முடித்துப் போனவை எத்தனை, அதற்கு முன்பே போனவை எத்தனை என்று பார்த்தால்தான் நம் கதையின் மர்மம் விளங்கும்.

லட்சக்கணக்கான நாலுசக்கர வேகன்களை முடித்தது துருவுமல்ல, ஹாட் ஆக்சிலுமல்ல. வேகன் தனித்து வாழும் பிராணி அல்ல. முன்னும் பின்னும் உள்ள வேகன்களோடு கைகோத்து ஓட வேண்டியது. கூட்டாளிகள் மாறிவிட்டால், தன் உடம்பில் ஒரு கோளாறும் இல்லாமலே அது கிழமாகிவிடும். 1950-களின் பிற்பகுதியிலிருந்து எட்டுச் சக்கரமுள்ள ‘பாக்ஸ்’ வேகன்கள் வரத் தொடங்கியபோதே இந்த மாறுதல் ஆரம்பித்துவிட்டது. அவற்றுக்கு மூலைப் பஃபர்களும் திருகுச் சங்கிலியும் இல்லை. இரண்டு கைவிரல்களை மடக்கிக் கோத்தாற்போல் நடுவில் தானே பூட்டிக்கொள்ளும் சி.பி.சி. கப்ளிங் இருந்தது. திருகுச் சங்கிலி தாங்கக்கூடிய இழுப்புக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குமேல் வண்டியை நீட்டினால் சங்கிலி அறுந்து, வண்டி நடுவழியில் இரண்டாகப் பிரிந்துவிடும். அது மட்டுமா? திருகை மாட்டவும் கழற்றவும் ஒரு மனிதன் இரண்டு வேகன்களின் பஃபர்களுக்கு நடுவே குனிந்து நுழைய வேண்டும். எஞ்சின் ஓர் அடி பின்னுக்கு வந்துவிட்டால் அந்த மனிதனின் கதி என்ன என்பதை விவரிக்க வேண்டியதில்லை. பழைய வேகன் போனதற்காகச் சந்தோஷப்பட ஒரு காரணம் உண்டென்றால், என் அபிப்பிராயத்தில் அது இதுதான்.

இரண்டாவது மாறுதல் பிரேக்கில் வந்தது. பழைய வேகன்கள் வாக்குவம் பிரேக்கில் ஓடியவை. வண்டி நெடுகச் செல்லும் குழாயிலிருந்து எஞ்சின் காற்றை உறிஞ்சி வைத்திருக்கும். காற்றை உள்ளே விட்டால் பிரேக் பிடிக்கும். இதில் தள்ளும் சக்தி வெளிக்காற்றின் அழுத்தமே ஆகையால், சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்ற இயற்கையின் எல்லையை எவ்வளவு செலவழித்தாலும் தாண்ட முடியாது. ஏர் பிரேக்கிலோ குழாயில் ஐந்து கிலோ அழுத்தத்துக்குக் காற்று நிரம்பி நிற்கும். 1980-களின் தொடக்கத்தில், இந்த ஏர் பிரேக்கும் உருளை பேரிங்கும் சி.பி.சி.யும் சேர்ந்து அமைந்த ‘பாக்ஸ்-என்’ வேகன் வந்து சேர்ந்தது. காலியாக அதன் எடை ஏறக்குறைய 22½ டன். சுமப்பது 58 டன்னுக்கு மேல். ஐம்பத்தெட்டு வேகன்களைக் கோத்து 4,700 டன் எடையுள்ள ஒரே வண்டியாக இழுத்துக்கொண்டு போகலாம். பழைய வேகனைப் போல் இரண்டரை மடங்கு வேலையை ஒரே வேகன் செய்யுமானால், எண்ணிக்கை பாதியாகியும் சரக்கு இரட்டித்த புதிரில் பாதி அவிழ்ந்துவிட்டது. ஆனால் நாம் கவனிக்க வேண்டிய விஷயம், இந்தப் புதிய வண்டியின் நடுவில் ஒரே ஒரு பழைய வாக்குவம் வேகனைக்கூடச் சேர்க்க முடியாது என்பது. குழாய் பொருந்தாது, கொக்கி பொருந்தாது, வேகம் பொருந்தாது. காலியான நாலுசக்கர வேகன் சற்று வேகமெடுத்தாலே இப்படியும் அப்படியும் துள்ளித் தண்டவாளத்தை விட்டு இறங்கிவிடும் சுபாவம் உடையது. ஆகையால் அது இருக்கும் பாதையில் பின்னால் வரும் வண்டிகளெல்லாம் அதன் நடைக்கே நடக்க வேண்டியிருந்தது.

புதிரின் மற்றொரு பாதி யார்டுகளில் இருக்கிறது. ஒரு வேகன் தன் வாழ்நாளில் ஓடிய நேரம் சொற்பம். யார்டில் படுத்துக் கிடந்த நேரமே அதிகம். முகல்சராய் போன்ற மகா யார்டுகளில் ஆயிரக்கணக்கான வேகன்கள் மேட்டிலிருந்து ஒவ்வொன்றாக உருட்டிவிடப்பட்டு, ஊர்வாரியாகப் பிரிந்து, மறுபடி கோக்கப்படும் காட்சி பார்ப்பதற்கு அழகாக இருந்திருக்கலாம். கணக்குக்கு அது நஷ்டம். 1980-களின் ஆரம்பத்தில் ரயில்வே போர்டின் தலைவராக இருந்த எம்.எஸ். குஜ்ரால் இதைத் துணிந்து மாற்றினார். சுரங்கத்திலிருந்து மின்நிலையம் வரை, துறைமுகத்திலிருந்து உருக்காலை வரை, முழு ரேக்காக, அதாவது ஒரே ஊருக்குப் போகும் முழு வண்டியாக ஏற்றி, நடுவில் எங்கும் பிரிக்காமல் கொண்டுபோய் இறக்குவது என்ற முறை அப்போது முதலிடம் பெற்றது. முழு ரேக் என்ற கொள்கை வந்தவுடன், ஒற்றை வேகனாக ஊர் ஊராக உலாவுவதற்கென்றே பிறந்த நாலுசக்கர வேகனுக்கு வேலை இல்லாமல் போயிற்று. பட்டறையில் அதைச் செப்பனிடக் காசு செலவழிப்பது வீண் என்று தோன்றிற்று. சிக் லைனுக்குள் போனவை வெளியே வரவில்லை.

வேகன் உற்பத்தியைக் கணக்கிடும் அலகு மட்டும் நெடுநாள் மாறவில்லை. எட்டுச் சக்கர வேகன் ஒன்று செய்தால், இத்தனை நாலுசக்கர வேகன்களுக்குச் சமம் என்று மாற்றித்தான் தொழிற்சாலைகளும் சர்க்காரும் எழுதி வந்தன. குதிரை லாயத்தை விட்டுப் போன பிறகும் மோட்டாரைக் குதிரைத்திறனில் அளக்கிறோமே, அந்த மாதிரி.

மீட்டர் கேஜ் வேகன்களின் முடிவு இதைக் காட்டிலும் பரிதாபமானது. தமிழ்நாட்டின் சரக்கில் பெரும்பகுதி, ஒரு நூற்றாண்டுக்கு மேல், ஒரு மீட்டர் அகலமுள்ள பாதையிலேயே நடமாடியது. 1992-இல், தேசம் முழுவதும் 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையே என்ற ஒரே கேஜ் திட்டம் தொடங்கிற்று. இரு பாதைகள் சந்திக்கும் நிலையங்களில் ஒரு வண்டியிலிருந்து மற்றொரு வண்டிக்கு மூட்டையைத் தலையில் தூக்கி மாற்றிய அவஸ்தையை நினைத்தால் அத்திட்டத்தைக் குறை கூற மனம் வராது. ஆனால் ஒரு கிளைப்பாதை அகலமாகும் போதெல்லாம் அதில் ஓடிய வேகன்கள், வயது முதிர்ந்ததும் இளையதுமாக, நேற்றுப் பட்டறையிலிருந்து புது வர்ணத்தோடு வந்ததும் உள்பட, ஒரே நாளில் அநாதையாயின. மீதமுள்ள மீட்டர் பாதைக்குக் கொஞ்ச நாள் மாற்றினார்கள். அந்தப் பாதையும் அடுத்த வருஷம் அகலமாயிற்று. அடிப்பாகத்தை மாற்றி அகலப் பாதையில் விடலாமே என்றால், குறுகிய அந்த உடம்பில் ஏறும் சரக்குக்கு அந்தச் செலவு கட்டாது.

இஞ்சினியர்கள் செய்தது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். கணக்கு அவர்கள் பக்கம் இருக்கிறது. ஆனால் கணக்கில் ஒரு பக்கத்தை எழுதாமல் விட்டுவிட்டார்கள் என்றும் நினைக்கிறேன். விருதுநகர் வற்றல் வியாபாரியோ பொள்ளாச்சித் தேங்காய் வியாபாரியோ ஒரு வேகன் சரக்கு வைத்திருப்பார். ஒரு முழு ரேக்குக்கு வேண்டிய இரண்டாயிரம் டன் சரக்குக்கு அவர் எங்கே போவார்? அவர் லாரி ஷெட்டுக்குப் போனார். லாரி அவர் வாசலுக்கே வந்தது. நினைத்த நாளில் வந்தது. ரசீதுக்கும் முத்திரைக்கும் அலையவிடவில்லை. சிறு ஸ்டேஷன்களின் கூட்ஸ் ஷெட்டுகள் பூட்டிக் கிடந்து, ஓடு சரிந்து, வேப்பங்கன்று முளைத்தன. சுதந்திரம் வந்த காலத்தில் தேசத்தின் சரக்கில் பெரும்பங்கைச் சுமந்த ரயில்வே, இன்று மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சுமக்கிறது. 2022-23-இல் ஏற்றிய சரக்கு 151 கோடி டன் என்று பெருமைப்படும்போது, அதில் ஏறக்குறையப் பாதி நிலக்கரி என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1988-இல் கான்கார் என்ற கண்டெய்னர் ஸ்தாபனத்தை ஏற்படுத்தி, சிறு சரக்கைப் பெட்டிக்குள் திரட்டி மறுபடி தண்டவாளத்துக்குக் கொண்டுவரச் செய்த முயற்சி ஓரளவு பலித்தது. பலித்தது துறைமுகத்தைச் சார்ந்த பெரிய வியாபாரத்தில். சந்தைப்பேட்டை வியாபாரி திரும்பி வரவில்லை.

இனி வேகனின் கடைசி நாட்களைப் பார்ப்போம். உத்தியோகஸ்தர்கள் வந்து பார்த்து, இது கண்டம், இனி உதவாது என்று எழுதிய பிறகு, வெள்ளைச் சுண்ணாம்பில் பெரிய குறி ஒன்றை வேகனின் பக்கத்தில் போட்டு, யார்டின் கோடியில், புல் மண்டிய ஒரு லைனில் தள்ளிவிடுவார்கள். உபயோகமாகும் அங்கங்களை முதலில் பட்டறை எடுத்துக்கொள்ளும்: சக்கரம், பேரிங், கப்ளிங், பிரேக் சிலிண்டர். சக்கரத்துக்கு ஓர் அளவு இருக்கிறது. பாக்ஸ்-என் சக்கரம் புதிதில் 1,000 மில்லிமீட்டர் விட்டம். தேயத் தேயக் கடைந்து கடைந்து 906-க்கு வந்தால் அதுவும் கண்டம். எஞ்சிய கூட்டை எடை மதிப்பிட்டு ஏலத்துக்கு விடுவார்கள். முன்பு ஏலக்காரர் மணி அடித்துக் கூவி ஏலம் நடந்தது. இப்போது கணினியில் நடக்கிறது. ஏலம் எடுத்தவர் முழு வேகனை அப்படியே ஓட்டிக்கொண்டோ தூக்கிக்கொண்டோ போக முடியாது. ரயில்வே எல்லைக்குள்ளேயே, காவற்காரர் பார்க்க, துண்டு போட்டாக வேண்டும்.

அந்த வேலை நான்கைந்து பேர் செய்வது. வாயு சிலிண்டரிலிருந்து வரும் இரட்டைக் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி அணிந்தவர் முதலில் கூரையின் ஓரத்தில் சுடரைப் பிடிப்பார். பல வருஷத்து வர்ணம் அடுக்கடுக்காக வெந்து, கொப்புளித்து, எரிந்த தார் நாற்றம் வரும். அதன் பின்பே இரும்பு சிவந்து, சுடர் உள்ளே புகுந்து, மறுபக்கம் பொறியாகக் கொட்டும். ஒட்டுப் போட்ட இடங்களில் தகடு இரண்டாக இருப்பதால் சுடர் தயங்கும். அரித்த இடங்களில் காகிதம்போல் ஓடும். கூரை விழுந்ததும் பக்கங்களை வெளிப்புறமாகச் சாய்த்துத் தரையில் கிடத்தி, லாரியில் ஏறும் அளவுக்கு நறுக்குவார்கள். மிகவும் பிடிவாதம் செய்வது அடிச்சட்டத்தின் நடு உத்தரந்தான். அதற்கு மட்டும் நெடுநேரம் பிடிக்கும். மூட்டைச் சணலும், பல காலமாக இடுக்கில் இறுகிக் கிடந்த நிலக்கரித் தூளும், எப்போதோ சிந்திய தானியத்தின் உமியும் கட்டியாக உதிரும். லாரி இரும்பைத் தராசுக்குக் கொண்டுபோகும். அங்கிருந்து உருக்கு உலைக்கு. உலையிலிருந்து, அநேகமாக, வீடு கட்டும் கம்பியாக வெளிவரும்.

எல்லா வேகனும் இப்படிப் போகவில்லை. சில, சக்கரம் கழன்ற உடம்போடு, ஸ்டேஷன் ஓரத்தில் தரைமேல் உட்கார்ந்து, கேங்மேன்களின் சாமான் அறையாகவும் விளக்கெண்ணெய்க் கிடங்காகவும் இன்னொரு ஆயுள் வாழ்ந்தன. இதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு. பிரயாணிகளைச் சுமந்து ஓய்ந்த பழைய கோச்சுகளின் ஜன்னலைத் தகட்டால் அடைத்து, இருக்கையைப் பிடுங்கி, கோடியில் கதவு வைத்து, ‘என்.எம்.ஜி.’ என்று பெயர் சூட்டி மோட்டார் கார் ஏற்றுவதற்கு விட்டிருக்கிறார்கள். வாலாஜாபாத்தில் புத்தம் புதுக் கார்கள் வரிசையாக அதற்குள் ஏறுவதைப் பார்க்கலாம். கோச்சுக்கு அந்திமத்தில் வேகன் உத்தியோகம் கிடைத்திருக்கிறது. வேகனுக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை.

நாலுசக்கர வேகனை விரட்டிய பாக்ஸ்-என் தலைமுறைக்கு இப்போது அதன் முறை வந்திருக்கிறது. முதலில் வந்தவை நாற்பது வயதை எட்டிவிட்டன. மின்நிலையங்களில் வேகனை இரும்புக் கைகளால் பிடித்து அப்படியே கவிழ்த்துக் கொட்டும் டிப்ளரும், சிறு ஊர்களில் தரையைச் சுரண்டும் யந்திர மண்வாரியும் அவற்றின் உடம்பைக் குலைத்திருக்கின்றன. போதாததற்கு, லாலு பிரசாத் ரயில்வே மந்திரியாக இருந்த 2004-2009 காலத்தில், வேகன் ஒன்றுக்குச் சில டன் அதிகமாக ஏற்றலாம் என்று அனுமதித்தார்கள். வருமானம் பொங்கிற்று, அதைப் பாராட்டிப் பேசாதவர்கள் குறைவு. அந்தச் சில டன் வேகனின் ஆயுளிலிருந்து கடன் வாங்கியது என்று அப்போது சொன்னவர்கள் அதைவிடக் குறைவு. நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. அரித்த உடம்பை அகற்றிவிட்டு, பழைய அடிப்பாகத்தின்மேல் துருவேறாத எஃகினால் புதிய உடம்பு கட்டி, ‘பாக்ஸ்-என்-ஆர்’ என்று திரும்ப ஓட விட்டார்கள். இந்த வேகன்கள் துருவுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டியது வேறொன்று. சரக்குக்கென்றே தனியாகப் போட்டுள்ள பாதைகளில், மேற்கே ராஜஸ்தானத்து வெயிலில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கண்டெய்னர்களை அடுக்கிக்கொண்டு, மின்கம்பிக்கு அடியிலேயே வண்டிகள் ஓடுகின்றன. அந்தப் பாதை அச்சு ஒன்றுக்கு 25 டன் தாங்குவது. பாக்ஸ்-என் கட்டப்பட்டதோ 20.32 டன்னுக்கு. 25 டன்னுக்கென்று கட்டிய வேகன்கள் தொழிற்சாலைகளிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன. அவை போதுமான அளவு சேர்ந்தவுடன், குறைந்த பாரம் சுமக்கும் ரேக்குக்கு அந்தப் பாதையில் ஏன் இடம் தர வேண்டும் என்ற கேள்வியை இயக்க இலாகா கேட்கத்தான் போகிறது. 1980-களில் நாலுசக்கர வேகனைப் பார்த்து இதையேதான் கேட்டார்கள்.